ஒன்றரை டாலரில் ஒரு ஞாயிறும் ஒரு மருத்துவமனையும்

புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில், நெப்ராஸ்கா அவென்யூவில், முகப்பில் தூண்கள் நிற்கும் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. பெயர் சென்ட்ரோ அஸ்துரியானோ. 1914இல் திறந்தார்கள். உள்ளே 1,200 பேர் உட்காரும் நாடக அரங்கு, நடன மண்டபம், நூலகம், கீழ்த்தளத்தில் பௌலிங் விளையாட இடம், உறுப்பினர்கள் கூடிப் பேசக் கன்டீனா என்ற பானக்கூடம். முதல்முறை பார்க்கிறவர்கள் யாரோ கோடீஸ்வரர் கட்டி வைத்தது என்றுதான் நினைப்பார்கள். கட்டியவர்கள் சுருட்டு சுற்றிப் பிழைத்த ஸ்பானியத் தொழிலாளர்கள்.

மாதச் சந்தா ஏறத்தாழ ஒன்றரை டாலர். அதைக் கட்டியவருக்கு நடன மண்டபமும் டோமினோ மேசையும் சொந்தம். அதே சந்தாவில் டாக்டர், மருந்து, ஆபரேஷன், ஆஸ்பத்திரிப் படுக்கை. கண்ணை மூடினால் அடக்கம் செய்யச் சங்கத்துக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம்.

எனக்குப் பிழைப்பு மெடிக்கல் கோடிங். சென்னையில் இரவுப் பணியில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளைப் படித்துத் தொடங்கியது, கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் தொடர்கிறது. டாக்டர் எழுதி வைத்ததை எல்லாம் எண்களாக மாற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நோய்களைக் குறிக்க மட்டும் சுமார் 70,000 கோடுகள். விழுந்து அடிபட்டதற்கு ஒரு கோடு என்றால், எதிலிருந்து விழுந்தார், எந்த இடத்தில் விழுந்தார் என்பதற்கும் தனித்தனியாக உண்டு. ஒரு எண் இடறினால் டினையல், அதாவது பணம் தர மறுப்பு. முன் அனுமதி வாங்காமல் விட்டால் டினையல். சரியாகப் போனாலும் டிடக்டபிள் தீரும்வரை நோயாளியே கட்ட வேண்டும். என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் தையல் போட்டபோது ஒரே தையலுக்கு மூன்று கவர் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரே பார்த்தவருக்கு ஒன்று. கோடுகளை நாள் முழுக்கப் பார்க்கிற நானே அந்த மூன்று தாளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எது எதற்கு என்று பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இருக்கிற எனக்கு, ஒரே சந்தாவில் நடனமும் ஆபரேஷனும் என்பது முதலில் நம்பக்கூடியதாகவே தெரியவில்லை. அதனால்தான் இந்த ஊரின் பழங்கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மாளிகை இருக்கும் ஈபோர் சிட்டி டாம்பாவின் ஒரு பகுதி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செலவில்லாமல் சுற்ற இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புளோரிடாவில் குடும்பத்தோடு வெளியே போவது என்றாலே தீம் பார்க் என்றாகிவிட்டது. நாலு பேர் உள்ள குடும்பம் வாசலைத் தாண்டவே நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். எப்போதும் இப்படி இருக்கவில்லை. டாம்பாவின் புஷ் கார்டன்ஸ் 1959இல் பியர் ஆலையை ஒட்டிய தோட்டமாகத் திறந்தபோது நுழைவு இலவசம். 1971இல் ஓர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோது பெரியவர்களுக்கு டிக்கெட் மூன்றரை டாலர். இன்று கைக்கு எட்டுகிற விலையில் மிச்சமிருப்பது டிராம். டவுன்டவுனிலிருந்து ஈபோர் சிட்டிக்கு ஓடும் டிராமில் 2018 முதல் கட்டணம் இல்லை.

இறங்கியவுடன் பிள்ளைகளுக்குக் கோழிதான் முதல் வேடிக்கை. சேவலும் பெட்டையும் குஞ்சுகளுமாகத் தெருவில் தம் பாட்டுக்குத் திரிகின்றன. பிடிக்கவோ துரத்தவோ கூடாது என்று நகராட்சிச் சட்டமே இருக்கிறது. அடுத்தது அருங்காட்சியகம். பழைய ஃபெர்லிட்டா பேக்கரிக் கட்டடத்தில் அது இருக்கிறது, ரொட்டி சுட்ட பெரிய அடுப்பு இன்னும் உள்ளேயே நிற்கிறது. கியூப ரொட்டி ஒரு கஜ நீளம் இருக்கும். மாவை அடுப்பில் வைக்கும்முன் நடுவே பனை இனத்து ஓலை ஒன்றை நீளவாட்டில் பதிப்பார்கள். வெந்து வரும்போது ஓலை படிந்த தடத்தில் ரொட்டி அழகாகப் பிளந்திருக்கும். அந்தக் காலத்தில் வீட்டு வாசற்கதவின் பக்கத்தில் ஒரு ஆணி அடித்திருக்கும். விடியற்காலையில் வரும் ரொட்டிக்காரர் ஒரு முழு ரொட்டியை அந்த ஆணியில் குத்திவிட்டுப் போய்விடுவார். அருங்காட்சியகத்தை ஒட்டித் தொழிலாளர் வீடு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும், அறைகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்று. இத்தனை சின்ன வீட்டில் இருந்தவர்கள் வெளியே கட்டியது அத்தனை பெரிய மாளிகை.

வரலாறு 1885இல் தொடங்குகிறது. விசெந்தே மார்ட்டினெஸ் ஈபோர் ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்து கியூபாவில் சுருட்டு முதலாளியானவர். கியூபாவின் விடுதலைப் போரில் ஸ்பானிய அரசின் சந்தேகப் பார்வை விழவே, 1869இல் தப்பித்துக் கீ வெஸ்ட் தீவுக்கு வந்தார். அங்கே வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை, குடிநீரும் போக்குவரத்தும் தட்டுப்பாடு. ஹென்றி பிளான்டின் ரயில் 1884இல் டாம்பாவுக்கு வந்துசேர்ந்திருந்தது, துறைமுகத்திலிருந்து ஹவானாவுக்குக் கப்பல் போகும். காற்றில் ஈரம் நிறைந்த ஊர் என்பதால் புகையிலை காய்ந்து நொறுங்காது. ஊருக்கு வடகிழக்கே சதுப்பும் புதருமாகக் கிடந்த நிலத்தை வாங்கி ஆலையும் வீடுகளும் கட்டினார். 1886இல் முதல் சுருட்டு வெளிவந்தது. 1887இல் டாம்பா நகரம் இந்தக் குடியிருப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கியூபர்கள், ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், கலீசியா பகுதியினர், சிசிலித் தீவின் மலையூர்களிலிருந்து இத்தாலியர்கள் என்று வந்து குவிந்தார்கள். திண்டுக்கல்லும் உறையூரும் நமக்கு எப்படியோ அப்படித்தான் அமெரிக்கருக்கு டாம்பா, சுருட்டு என்றாலே நினைவுக்கு வரும் ஊர். உச்சத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி சுருட்டுகள் இங்கே கையால் சுற்றப்பட்டன.

ஊர் உருவான வேகத்தில் சாவும் வந்தது. 1887இல் மஞ்சள் காய்ச்சல் பரவியது. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று அறிவியல் உறுதிசெய்ய இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆங்கிலம் தெரியாத, சொந்தபந்தம் கடல் தாண்டிக் கிடக்கிற, பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்கள். காய்ச்சல் வந்து படுத்தால் தண்ணீர் கொடுக்க அறையைப் பங்கிட்டுக்கொள்ளும் இன்னொரு தொழிலாளிதான் உண்டு, அவனும் காலையில் ஆலைக்குப் போயாக வேண்டும்.

ஆனால் காசு போட்டுப் பொதுவில் ஒன்றை நடத்துவது அவர்களுக்குப் புதிதல்ல. ஆலைக்குள்ளேயே அந்தப் பழக்கம் இருந்தது. மரமேசைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒருவர் வளைந்த அலகுள்ள சாவேத்தா என்ற கத்தியால் இலையை நறுக்கிச் சுற்றிக்கொண்டிருப்பார். கூடத்தின் நடுவே உயரமான மேடை. அதில் லெக்தோர் என்ற வாசிப்பாளர் ஏறி உட்கார்ந்து, மைக் இல்லாமல், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு தொழிலாளர் இயக்க ஏடுகள், பிற்பகலில் செர்வாந்தெஸ், யூகோ, ஜோலா. அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பதில்லை. தொழிலாளர்கள் குரலைச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டுக் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொன் கிஹோத்தேயை அறிந்திருந்த ஊர் அது. காதுக்குக் காசு போட்டவர்கள் உடம்புக்கும் போட முடியும் என்று கண்டது இயல்பான அடுத்த படி.

1880களின் கடைசியிலேயே லா இகுவல் என்ற கிளினிக் தொடங்கியது. வாரச் சந்தா கட்டினால் டாக்டர் பார்ப்பார். முதலாளி ஈபோரும் இதற்குக் கைகொடுத்தார், படுத்த தொழிலாளியால் அவருக்கும் நஷ்டம்தானே. 1891இல் ஸ்பானியர்கள் சென்ட்ரோ எஸ்பான்யோல் சங்கத்தை அமைத்தார்கள். 1894இல் இத்தாலியர்களுக்கு லூனியோனே இத்தாலியானா. ஸ்பானியர் சங்கத்துக்குள் ஒரு பெரிய சண்டை நடந்தது. நமக்கென்று ஆஸ்பத்திரி வேண்டும் என்றார்கள் அஸ்தூரியர்கள், சங்கத்தின் பெரிய தலைகள் அவ்வளவு பாரம் வேண்டாம் என்றார்கள். ஹவானாவில் அஸ்தூரியருக்கு ஏற்கெனவே வலுவான சங்கமும் கோவாதோங்கா என்ற மருத்துவமனையும் இருந்தன. டாம்பாவின் அஸ்தூரியர்கள் பிரிந்துபோய் 1902இல் அந்த ஹவானா சங்கத்தின் கிளையாகத் தங்களை இணைத்துக்கொண்டார்கள். 1905இல் டாம்பாவிலும் அதே பெயரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்ற சென்ட்ரோ எஸ்பான்யோலும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் கடற்கரைச் சாலையில் தன் மருத்துவமனையைக் கட்டிவிட்டது. போட்டியால் நோயாளிக்கு நன்மை கிடைத்த அபூர்வமான சம்பவம் இது.

ஆங்கிலம் பேசும் டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. மாவட்ட மருத்துவர் சங்கம், சந்தா சங்கங்களுக்கு வேலை பார்க்கும் டாக்டர்களைக் கண்டித்தது, உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. அவர்கள் தரப்பில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டரின் தலையில் எத்தனை நோயாளிகளை வேண்டுமானாலும் கட்டலாம் என்ற பயம் பொய்யானதல்ல. ஆனால் அடியில் இருந்த கணக்கு வேறு. ஒரு தடவை பார்த்தால் இவ்வளவு ஃபீஸ் என்ற முறை போய்விடுமோ என்பதுதான் அது. நாடு முழுக்க இதே சண்டை. 1920 வாக்கில் அமெரிக்காவின் வயதுவந்த ஆண்களில் மூன்றில் ஒருவர் ஏதாவதொரு சகோதரச் சங்கத்தில் இருந்திருக்கலாம் என்கிறார் வரலாற்றாசிரியர் டேவிட் பைட்டோ. அவற்றில் பல, ஒப்பந்த டாக்டர் வைத்துக்கொண்டவை. வாஷிங்டனில் அரசு ஊழியர்கள் 1937இல் இப்படி ஒரு கூட்டுறவு மருத்துவத் திட்டம் தொடங்கியபோது, அமெரிக்க மருத்துவர் சங்கம் அதன் டாக்டர்களை ஆஸ்பத்திரிகளுக்குள் விடாமல் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1943இல் மருத்துவர் சங்கம் குற்றவாளி என்று தீர்ந்தது. ட்ரூமன் ஜனாதிபதியாக இருந்தபோது தேசிய இன்சூரன்ஸ் கொண்டுவரப் பார்த்தார். அதை முறியடிக்க அதே சங்கம் 1949இல் உறுப்பினருக்கு 25 டாலர் வசூலித்து, ஒயிட்டேக்கர் அண்ட் பாக்ஸ்டர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. சோஷலிச மருத்துவம் என்ற மிரட்டல் அமெரிக்க வீடுகளுக்குள் ஆழமாக நுழைந்தது அப்போதுதான். அந்தச் சொல்லை இன்றும் என் அலுவலகச் சாப்பாட்டு அறையில் கேட்கிறேன்.

இனி சங்கங்களின் பிக்னிக்குக்கு வருகிறேன். இந்தக் கதையில் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது அதுதான்.

கோடையில் சங்கங்கள் குடும்பக் கூட்டங்கள் நடத்தும். இடம் பெரும்பாலும் ஆற்றோரம் அல்லது கடற்கரை. நகரத்து டிராமில் ஐந்து சென்ட் கொடுத்தால் கடைசி நிறுத்தம்வரை போகலாம், அப்படி ஒரு கடைசி நிறுத்தம்தான் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ். ஊற்றுநீர் தேங்கும் குளம், மர நிழல், நீச்சல். பெரிய பாத்திரங்களில் சாதமும் கோழியும், கறுப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை சூப், மலைபோலக் கியூப ரொட்டி. அஸ்தூரியர்கள் இருக்கும் இடத்தில் பைக்குழல் இசை இல்லாமல் இராது. மாலையில் நடனம். கல்யாணமாகாத பெண்கள் ஆட வந்தால் தாய்மார்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கண் வைத்திருப்பார்கள், அது எழுதாத சட்டம். கூட்டத்தில் இருக்கும் பாதிப் பேர் ஒரே ஆலையில் வேலை பார்ப்பவர்கள், மீதிப் பேர் சம்பந்தி வீட்டார் அல்லது சம்பந்தியாகப் போகிறவர்கள்.

இன்சூரன்ஸ் தொழிலில் இருக்கும் எவரும் இரவில் தூங்காமல் யோசிப்பது ஒரே ஒரு கேள்வியைத்தான். உடம்பு நன்றாக இருக்கிறவனைக் காசு கட்ட வைப்பது எப்படி? நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் செலவு ஏறும், செலவு ஏறினால் சந்தா ஏறும், சந்தா ஏறினால் நலமாக இருக்கும் மிச்சப் பேரும் விலகுவார்கள், பெட்டி காலியாகும். 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது: எல்லோரும் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம். அந்தச் சட்டத்தில் மக்கள் மிகவும் வெறுத்த பகுதி அதுதான். வாங்கு என்று அரசு எப்படிச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2012இல் அதை ஒரு வரி என்று கொண்டு நீதிமன்றம் காப்பாற்றியது. 2017இல் வந்த வரிச் சட்டம் அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது.

சுருட்டுச் சங்கங்கள் அந்தக் கேள்விக்குக் கண்ட விடை டோமினோ மேசை. இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? அவனுக்கு வேண்டியது சனிக்கிழமை இரவு நடனம், பெண் பார்க்க ஒரு இடம், சாயந்திரம் நண்பர்களோடு உட்கார ஒரு நாற்காலி. சந்தா கட்டாவிட்டால் இவை எதுவும் இல்லை. அவன் நடனத்துக்குக் கட்டிய காசில் ஐம்பது வயதுக்காரரின் காசநோய்க்கு வைத்தியம் நடந்தது. அவனுக்கு ஐம்பது ஆகும்போது இன்னொரு இளைஞன் ஆடிக்கொண்டிருந்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உல்லாசத்தையும் வைத்தியத்தையும் ஒரே ரசீதில் கட்டி வைத்ததால் பெட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது. சங்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் நேற்று எதிர் மேசையில் டோமினோ ஆடியவர் என்பதால், பொய் நோய் சொல்லிப் பணம் பறிப்பதும் சுலபமில்லை. அமெரிக்காவில் மருத்துவச் செலவைப் பற்றி எத்தனையோ விவாதங்களைக் கேட்டுவிட்டேன். இவ்வளவு மனிதத்தன்மையான ஏற்பாட்டை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

நாடக அரங்கைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் போக மனமில்லை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையிழந்த நடிகர்களுக்கு மத்திய அரசு நாடகத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் ஸ்பானிய மொழிக் குழு இந்தச் சென்ட்ரோ அஸ்துரியானோ அரங்கில்தான் இயங்கியது. சர்வாதிகாரம் அமெரிக்காவுக்கே வந்தால் என்ன ஆகும் என்று சின்க்ளேர் லூயிஸ் எழுதிய 'இட் கான்ட் ஹேப்பன் ஹியர்' நாடகம் 1936 அக்டோபர் 27 அன்று நாட்டின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் மேடையேறியது. டாம்பாவில் அதை ஸ்பானிய மொழியில் போட்டார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் நேர்மையற்றவளாவேன். இந்த அன்புக்கு எல்லை இருந்தது, எல்லையைத் தோலின் நிறம் போட்டது. கியூபாவிலிருந்து வந்த கறுப்பரும் வெள்ளையரும் ஆலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கியூப விடுதலைக்குப் பணம் திரட்டக் கவிஞர் ஹோசே மார்த்தி 1890களில் இங்கே வந்தபோது அவருக்கு அடைக்கலம் தந்தவர்களில் பௌலினா பெத்ரோசோ என்ற கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். மார்த்தியை விஷம் வைத்துக் கொல்லச் சிலர் முயன்ற பிறகு அவர் உடல் தேறியது அந்தப் பெண்மணியின் வீட்டில். அந்த வீடு இருந்த இடம் இன்று ஒரு சிறிய பூங்கா, அந்த நிலம் கியூபா நாட்டுக்குச் சொந்தம். ஆனால் விடுதலை கிடைத்த கையோடு, புளோரிடாவின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின் நிழலில், கியூபர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வெள்ளைக் கியூபருக்குச் சீர்குலோ குபானோ. கறுப்புக் கியூபருக்கு லா யூனியன் மார்த்தி-மாசேயோ. எண்ணிக்கையில் சிறிய சங்கம், தனி மருத்துவமனை கட்டும் பலம் அதற்கு இல்லை. நோயில் படுத்தவருக்கு உதவித்தொகையும் வைத்தியமும் கொடுத்துத் தன்னால் ஆனதைச் செய்தது. பிக்னிக் நடந்த சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் குளத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இறங்க முடியாது.

ஆங்கிலம் பேசும் கறுப்பரின் நிலை இன்னும் மோசம். 1908இல் கிளாரா ஃப்ரை என்ற நர்ஸ், அறுவை செய்ய வேறு இடம் கிடைக்காத ஒரு நோயாளிக்காகத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கொடுத்தார். அந்த வீடே பிறகு மருத்துவமனையானது. ஆண்டுக்கணக்கில் கடன்பட்டு நடத்தினார். 1928இல் நகரம் அதை விலைக்கு வாங்கிக் கறுப்பருக்கான நகராட்சி மருத்துவமனையாக்கியது. 1936இல் அவர் வறுமையில் இறந்தார். ஈபோர் சிட்டியின் மாளிகைகளைப் புகழ்கிறவர்கள் அந்தச் சாப்பாட்டு மேசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீழ்ச்சி பல பக்கமிருந்து வந்தது. 1931இல் முதலாளிகள் லெக்தோர்களை வெளியேற்றினார்கள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் மேடை திரும்பவில்லை, அந்த இடத்தில் ரேடியோ வந்தது. சிகரெட் பரவியது, இயந்திரச் சுருட்டு வந்தது. பொருளாதார வீழ்ச்சியில் சந்தா கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். இன்னொரு பக்கம் வேறொரு ஏற்பாடு வளர்ந்தது. 1929இல் டெக்சாஸின் டாலஸ் நகரில் பேய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் படுக்கை தருவதாகச் சொன்னது. ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் தொடங்கிய அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் ப்ளூ கிராஸ். சந்தாவும் ஆஸ்பத்திரியும் இருந்தன, நடனமும் மேசையும் இல்லை. 1942இல், இரண்டாம் உலகப்போரின்போது, சம்பள உயர்வுக்கு அரசு வரம்பு போட்டது. ஆட்களைப் பிடித்து வைக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவ இன்சூரன்ஸ் கொடுத்தார்கள், அதற்கு வருமான வரியும் கிடையாது என்றானது. வேலை இருந்தால் வைத்தியம் என்ற இன்றைய அமெரிக்க ஏற்பாடு அப்படி உறைந்துபோனது. வேலை போனால் இரண்டும் போகும். என் கணவர் வேலை மாறும் ஒவ்வொரு தடவையும் வீட்டில் முதலில் பேசுவது புதுச் சம்பளத்தைப் பற்றியல்ல, புதுக் கார்டு எப்போது வரும், பிள்ளைகளின் டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்பதைத்தான்.

போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் புறநகரில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். 1946இல் பழைய டிராம்கள் நின்றன. 1962இல் கென்னடி கியூபாமீது வர்த்தகத் தடை போட்டார், ஹவானா இலை வருவது அதோடு சரி. நகரப் புனரமைப்பு என்ற பெயரில் வீடுகளை அரசு தெருத்தெருவாக இடித்தது, நான்காம் எண் நெடுஞ்சாலை ஊரை நடுவே அறுத்துக்கொண்டு போனது. மார்த்தி-மாசேயோ சங்கத்தின் மண்டபம் 1965இல் தரைமட்டமானது. வெள்ளையர் சங்கங்களின் மாளிகைகள் தப்பித்தன. அந்தச் சிறிய சங்கம் கலைந்துவிடவில்லை, ஏழாம் அவென்யூவில் வேறொரு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அதே 1965, ஜூலை 30. ஜனாதிபதி ஜான்சன், முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார், முதல் கார்டை முதியவர் ட்ரூமனுக்குக் கொடுத்தார். 65 வயதானவர்களுக்கு இனிச் சங்கம் தேவைப்படவில்லை. சங்கங்களின் உயிர்நாடியில் கை வைத்ததும் அதுதான், சங்கங்களால் அரை நூற்றாண்டாகச் செய்ய முடியாததைச் செய்ததும் அதுதான். மெடிகேர் பணம் வேண்டும் என்றால் நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 1966இல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் தனி வார்டுகள் சில மாதங்களில் ஒழிந்தன. கிளாரா ஃப்ரை பெயரில் நடந்த தனி மருத்துவமனை 1967இல் மூடப்பட்டது. பிக்னிக்கின் அழகில் மயங்கி அரசே வேண்டாம், சங்கம் போதும் என்று வாதிடுகிறவர்களோடு நான் உடன்படாதது இந்த இடத்தில்தான். தெரிந்தவர்களைத் தாங்க அன்பு போதும். மேசைக்கே வரவிடாமல் நிறுத்தப்பட்டவர்களுக்குச் சட்டம்தான் கதவைத் திறந்தது.

அஸ்தூரியர்களின் மருத்துவமனை 1990 வாக்கில் மூடப்பட்டது. மாளிகையில் இன்று கல்யாண வரவேற்புகள் நடக்கின்றன, சங்கமும் உயிரோடு இருக்கிறது. 2010 சட்டத்தின்படி ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்க 40 மாநிலங்கள் ஒத்துக்கொண்டபோதும் புளோரிடா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவை வேலையில் பார்க்கிறேன், இன்சூரன்ஸ் கட்டத்தில் ஒன்றுமே எழுதாமல் வரும் சார்ட்டுகளாக.

ஆனால் டாம்பா அடங்கியிருக்கும் ஹில்ஸ்பரோ மாவட்டம் சொந்தமாக ஒன்றைச் செய்தது. ஏழைகளின் வைத்தியத்துக்கென்று 1991இல் விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூட்டியது. இன்சூரன்ஸ் இல்லாத, குறைந்த வருமானக்காரர்கள் எமர்ஜென்சி வார்டுக்கு ஓடிவரும்வரை காத்திருக்காமல் பக்கத்துக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள அந்தப் பணம் போகிறது. நோயை முற்றவிட்டுப் பார்ப்பதைவிட முன்னாலேயே பார்ப்பது மலிவு என்ற கணக்கும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஈபோர் சிட்டியில் பிள்ளைகளுக்கு 12 டாலருக்கு ஒரு கியூபன் சாண்ட்விச் வாங்கினால் அதில் 6 சென்ட் அந்தப் பெட்டிக்குப் போகிறது. பில்லில் அது தனியாக அச்சாவதில்லை, வரி என்ற ஒரே வரியில் கலந்துவிடுகிறது. ஊர் சுற்றிப் பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோழிகளையும் ரொட்டி அடுப்பையும் காட்டும்போது இந்த ஆறு சென்ட்டையும் சொல்லிவிடுகிறேன்.